சுட்ட கல் வேண்டுமா, சுடாத கல் வேண்டுமா: மஞ்சள் குவார்ட்ஸை வீட்டில் சோதிக்கும் வழி

அம்மாவின் மோதிரத்தில் ஆரம்பித்தது எனக்கு இந்தக் கல் பைத்தியம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குருப்பெயர்ச்சி சமயம், ஜோசியர் சொன்னார் என்று கனக புஷ்பராகம் வைத்து ஒரு மோதிரம் வாங்கினோம். கடைக்காரர் கல்லைப் பாலில் போட்டுக் காட்டினார், வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார், நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். போன வருடம் கல் ஆட்டம் கொடுக்கிறது என்று ஆசாரியிடம் கழற்றக் கொடுத்தபோது, சும்மா ஓர் ஆர்வத்தில் நகை எடை போடும் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தேன். அடர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு, 2.65 பக்கம் வந்தது. மஞ்சள் நீலக்கல்லுக்கு, அதாவது கனக புஷ்பராகத்துக்கு, அது 4 வரவேண்டும். கையில் இருந்தது மஞ்சள் குவார்ட்ஸ். அதுவும் பிறந்தபோது மஞ்சளாக இல்லாமல், எங்கேயோ ஓர் அடுப்பில் வெந்து மஞ்சளான குவார்ட்ஸ் என்பது அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "ஏங்கண்ணு, அது சுட்டதுன்னு குருவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, மோதிரம் மறுபடி அம்மா விரலுக்கே போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குவார்ட்ஸில் ஊதா நிறம் செவ்வந்திக்கல், புகை நிறம் ஸ்மோக்கி, மஞ்சள் சிட்ரின். எலுமிச்சையைக் குறிக்கும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்த பெயர். இதில் இயற்கையாகவே மஞ்சளாக உருவானது அபூர்வம். கடைகளில், கண்காட்சிகளில், ஆன்லைனில் சிட்ரின் என்று கிடைப்பதில் பெரும்பகுதி செவ்வந்திக்கல்லைச் சூடுபடுத்தி எடுத்தது. பிரேசிலின் தெற்கே ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்திலும் அதை ஒட்டிய உருகுவேயிலும் எரிமலைக் குழம்புப் பாறைகளில், பலாப்பழத்தைப் பிளந்தது போல உள்ளே சுளை சுளையாகச் செவ்வந்திக்கல் நிறைந்த பொந்துகள் கிடைக்கின்றன. நல்ல ஊதா அப்படியே விற்றுவிடும். வெளிறிப்போன மீதியைச் சூளையில் வைத்து 400, 500 டிகிரி சூடேற்றினால் ஊதா போய் மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று மாறுகிறது. ஒரு காலத்தில் இதையே மதீரா புஷ்பராகம், சலமன்கா புஷ்பராகம் (வெறும் புஷ்பராகம் என்றால் டோபாஸ், கனக புஷ்பராகம் வேறு கல்) என்றெல்லாம் பெயர் வைத்து விற்றார்கள், ஆக எங்கள் அம்மா ஏமாந்தது ஐரோப்பாக்காரர்கள் எப்போதோ ஏமாந்த அதே இடத்தில்தான்.

சுட்ட கல் போலி இல்லை. வேதியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், சிலிக்கானும் ஆக்சிஜனும். கல்லைச் சுட்டு நிறம் ஏற்றுவது புது ஏமாற்று வித்தையும் இல்லை, சூதுபவளத்தைச் சுட்டுச் சிவப்பாக்கும் வேலை குஜராத்தின் காம்பே பக்கம் காலங்காலமாக நடக்கிறது. என் சண்டை பெயரோடும் விலையோடும் மட்டும். கிலோ கணக்கில் வரும் சுட்ட கல்லைச் சுட்டது என்று சொல்லி விற்றால் நானே வாங்குவேன், வாங்கியும் இருக்கிறேன். சேகரிக்கிறவனுக்குச் சுடாத மஞ்சள் எது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை, முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம். எல்லாச் சோதனையிலும் நாம் தேடுவது ஒன்றையே: அந்த மஞ்சள் கல்லுக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது?

முதலில் நம் காட்டுக் கல்லைத் தள்ளி வைப்போம்

காங்கயம், வெள்ளகோவில், கரூர் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் குவார்ட்ஸ் புதிதில்லை. கொறங்காட்டில் கிளுவை வேலி ஓரமாகக் கிடக்கும் வெங்கச்சாங்கல் குவார்ட்ஸ்தான். சின்ன வயதில் ராத்திரியில் போர்வைக்குள் உட்கார்ந்து இரண்டு வெங்கச்சாங்கல்லை உரசி, உள்ளே மங்கலாக ஒரு வெளிச்சம் வருவதையும் கருகின வாசம் வருவதையும் பார்க்காதவர்கள் நம் பக்கம் குறைவு. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே பளிங்கு (நிறமில்லாத குவார்ட்ஸ்), செவ்வந்திக்கல், பெரில் (மரகதத்தின் இனக் கல்), நீலக்கல் என்று மணி கோத்திருக்கிறார்கள். அங்கே நடந்த அகழாய்வில் முடிந்த மணியோடு பாதியில் விட்ட மணியும், வெட்டிப்போட்ட சில்லும் கிடைத்ததால்தான் அது வாங்கி விற்ற ஊர் மட்டுமில்லை, செய்த ஊர் என்று சொல்கிறார்கள். பெரிலுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை, குவார்ட்ஸுக்கு அரசம்பாளையம், வெங்கமேடு என்று மூலக்கல் கிடைத்திருக்கக்கூடிய இடங்களை ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். எல்லாம் பக்கத்து ஊர்கள்.

இந்தப் பெருமையால் வரும் வினை ஒன்று உண்டு. நான் கல் பார்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து ஒரம்பரை வீட்டுக்குப் போனால் யாராவது ஒரு மஞ்சள் வெங்கச்சாங்கல்லை எடுத்து வந்து, "மாப்ள, இது பாருங், நம்ம தோட்டத்துல போர் போடறப்ப வந்துச்சு, லட்சக்கணக்குல போகும்ங்கறாங்க" என்பார்கள். பத்தில் ஒன்பது, வெறும் வெள்ளைக் கல்லின் விரிசலில் செம்மண் இரும்புக்கறை இறங்கினது. லென்ஸில் பார்த்தால் மஞ்சள் ஒரு படலமாக மேல்தோலிலும் வெடிப்புக் கோடுகளிலும் ஒட்டியிருக்கும், இரண்டு வெடிப்புக்கு நடுவே கல் நிறமே இல்லாமல் இருக்கும். ஓரத்தில் ஒரு சில்லு உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளுப்பு. நிறம் தோலில் இருந்தால் கறை, உடம்பில் இருந்தால்தான் மேற்கொண்டு பேசலாம்.

கறையை எடுத்துப் பார்க்க ஆக்சாலிக் ஆசிட் போதும், கெமிக்கல் கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக் கல்லை இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டால் இரும்புக்கறை கரைந்து தண்ணீர் பச்சை மஞ்சளாக மாறும். இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாதீர்கள்: எங்கள் போர் தண்ணீரில் கரைத்தேன். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் இந்த ஆசிட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகக் கல்லின் ஒவ்வொரு சந்திலும் போய் உட்கார்ந்துகொண்டது, பல் தேய்க்கும் பிரஷ் வைத்துச் சுரண்டியும் முழுதாகப் போகவில்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இது விஷம், ஞாபகம் இருக்கட்டும். கையுறை போட வேண்டும், வீட்டுக்குள் கொதிக்க வைக்கவே கூடாது, மாடு, கோழி, குழந்தைகள் வரும் இடத்தில் வாளியை வைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் சமையல் சோடா போட்டு நுரை அடங்கினபின்தான் கொட்ட வேண்டும்.

இன்னொன்று. கல் தேடுகிறேன் என்று அடுத்தவர் காட்டிலோ புறம்போக்கிலோ கடப்பாரையோடு இறங்காதீர்கள், அனுமதியில்லாமல் ரத்தினக்கல் தோண்டுவது குற்றம். கொடுமணல் மண்ணில் மழைக்கு அப்புறம் மணி ஏதாவது கண்ணில் பட்டாலும் அது கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் பெட்டிக்குள் வந்துவிட்டால் அது வெறும் கல்லாகிவிடும்.

குவார்ட்ஸ்தானா என்று உறுதி செய்வது

பட்டை தீட்டாத படிகமாக இருந்தால் பக்கவாட்டு முகங்களை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய வரிகள் ஓடும். படிகத்தின் நீளத்துக்குக் குறுக்கே, வளையல் அடுக்கினது போல ஓடினால் குவார்ட்ஸ். நெடுக, கரும்புச் சோகையின் நரம்பு போல ஓடினால் புஷ்பராகம் அல்லது பெரில் பக்கம் யோசிக்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பெரிலும் கிடைப்பதால் இந்த ஒரு பார்வை நிறையக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். புஷ்பராகம் ஒரு திசையில் தகடு போல நேராகப் பிளக்கும், குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது, கண்ணாடிச் சில்லு போல வளைந்து வளைந்து உடையும்.

பட்டை தீட்டின கல்லில் வரி இருக்காது, அங்கேதான் தராசு. நூறில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே வருகிறது. செய்முறை எளிது, பொறுமைதான் கொஞ்சம் வேண்டும். முதலில் உலர்ந்த கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். மெல்லிய நூலில் கல்லைக் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தொங்கவிடுங்கள். அப்போது தராசு ஓர் எண் காட்டும். அது கல் தள்ளிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

அம்மாவின் கல் 0.85 கிராம் இருந்தது. தண்ணீரில் தராசு காட்டினது 0.32. வகுத்தால் 2.65 சொச்சம். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, புஷ்பராகத்துக்கு 3.5 சொச்சம், மஞ்சள் நீலக்கல்லுக்கு 4. அது உண்மையான கனக புஷ்பராகமாக இருந்திருந்தால் தராசு 0.21 காட்டியிருக்கும். இவ்வளவு சின்னக் கல்லில் கடைசி இலக்கம் ஒன்று தவறினாலும் விடை 2.58 வரை இறங்கும், 2.74 வரை ஏறும், ஆனால் எந்த வழியில் தவறினாலும் 4 வராது, அதனால் தைரியமாகச் சொல்லலாம். ஐந்து கிராமுக்கு மேல் உள்ள கல்லென்றால் விடை கச்சிதமாகவே வரும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்கு கெடும், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விட்டால் ஒட்டாது. மோதிரத்தில் பதித்த கல்லை இப்படி எடை போட முடியாது, தங்கமும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

கண்ணாடியின் அடர்த்தியும் சிலசமயம் குவார்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்து தொலைக்கும். அதற்கு லென்ஸ். உள்ளே உருண்டைக் குமிழிகளும், சர்க்கரைப் பாகு கரைவது போன்ற சுழியும் தெரிந்தால் கண்ணாடி. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும், பழகினவர்களுக்கு இதுவே போதும். பாலில் போடுவது, மஞ்சள் தூளில் உரசுவது, நெருப்பில் காட்டுவது எல்லாம் வேண்டாம். பாலில் போட்டு எந்தக் கல்லின் வண்டவாளமும் வெளியே வந்ததில்லை, நல்ல பால்தான் வீண்.

நிறம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

இனிமேல்தான் சுவாரசியம். காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் படாத திண்ணையில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் கல்லை வையுங்கள். கடைகளில் மஞ்சள் பல்பு போட்டு வைத்திருப்பார்கள், அந்த வெளிச்சத்தில் நிறத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது, ஜவுளிக்கடைக்குள் புடவை நிறம் பார்ப்பது போலத்தான், வாசலுக்கு எடுத்து வர வேண்டும்.

கொத்தாக வரும் கல்லென்றால் பாதி வேலை மிச்சம். சுட்ட கொத்தில் படிகங்கள் குட்டையாக, பக்கவாட்டு உடம்பே இல்லாமல் வெறும் கூம்பு முனைகளாக நெருக்கி முளைத்திருக்கும். முனையில் அழுத்தமான ஆரஞ்சு, கீழே இறங்க இறங்க வெளுத்து, அடியில் வேகவைத்த முட்டை வெள்ளை போல ஒளி புகாத வெண்மை. அதற்கும் கீழே சாம்பல், வெள்ளை என்று அகேட் (வரி வரியாக வரும் குவார்ட்ஸ் வகை) வரிகள். பிரேசில் பொந்துகளில் செவ்வந்திக்கல் வளர்கிற அதே அமைப்பு, ஊதா இருந்த இடத்தில் ஆரஞ்சு. இதை மனதில் ஒரு தடவை ஊதாவாக மாற்றிப் பாருங்கள், சட்டென்று அடையாளம் தெரிந்துவிடும். நான் முதலில் வாங்கிய "ஆப்பிரிக்கச் சிட்ரின்" இப்படித்தான், விற்றவர் கூச்சமில்லாமல் பக்கத்திலேயே அதே அளவில் ஊதாக் கொத்து ஒன்றையும் வைத்திருந்தார், எனக்குத்தான் அன்றைக்கு உறைக்கவில்லை.

சுடாத சிட்ரின் பெரும்பாலும் தனித்தனிப் படிகமாக, நீளமான ஆறு பக்க உடம்போடு வரும். நிறம் ஆரஞ்சுக்குப் போகாது. வெளிர் மஞ்சள், தேன் கலந்த மஞ்சள், பச்சை சாயல் கொண்ட மஞ்சள், அல்லது மஞ்சளில் கொஞ்சம் புகை கலந்தாற்போல. முதல்முறை பார்க்கிறவர்கள் "இதுக்கா இவ்வளவு?" என்பார்கள், கரும்புச்சாற்றில் தண்ணீர் கலந்தது போல அடக்கமாக இருக்கும். நிறம் முனையில் மட்டும் குவியாமல் உடம்பு முழுக்கப் பரவியிருக்கும், அல்லது படிகத்தின் முகங்களுக்கு இணையாக அடுக்கடுக்காக, உள்ளே இன்னொரு படிகம் நிழலாக நிற்பது போல இருக்கும். காங்கோ, ஜாம்பியா, மடகாஸ்கர், பிரேசிலின் சில சுரங்கங்கள், ரஷ்யாவின் யூரல் மலை இங்கிருந்தெல்லாம் வருகிறது. பொலிவியாவில் அனாஹி என்ற சுரங்கத்தில் ஒரே கல்லில் பாதி ஊதா பாதி மஞ்சளாகக் கிடைப்பது அமெட்ரின், அது தனிக் கதை.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், பெரும்பாலான இயற்கை மஞ்சள், ஸ்மோக்கி குவார்ட்ஸின் நிறத்துக்கு உறவுக்காரன். கல்லுக்குள் சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அங்கங்கே ஓர் அலுமினியம் நுழைந்திருக்க, சுற்றியுள்ள பாறையின் மெல்லிய கதிரியக்கம் லட்சக்கணக்கான வருடம் பட்டு, படிகத்தின் அமைப்பிலேயே உண்டான நிறம். சுட்ட கல்லின் நிறம் வேறு: செவ்வந்திக்கல்லில் இருந்த இரும்பு, சூட்டில் கண்ணுக்குத் தெரியாத துருத் துகள்களாகப் பிரிந்து நிற்பது. ஒன்று எலும்பில் ஊறினது, இன்னொன்று உள்ளே தூவினது.

இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பிடிக்கலாம் என்பது எனக்குத் தெரிந்தபோது அன்று ராத்திரி தூங்கவில்லை. எல்சிடி திரையிலிருந்து வரும் வெளிச்சம் ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்கிற, துருவப்படுத்தின வெளிச்சம். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை விளக்கை அணைத்து, படிகத்தைத் திரைக்கு முன்னால் படுக்கை வாட்டில் பிடியுங்கள். அதன் பக்கவாட்டு உடம்பு வழியாகப் பார்த்துக்கொண்டே கடிகார முள் போல மெதுவாக நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். இயற்கைச் சிட்ரினாக இருந்தால் நிறம் லேசாக மாறும், ஒரு நிலையில் வெளிறியும் தொண்ணூறு டிகிரி திரும்பினபோது ஒரு சுற்று அழுத்தமாகவும். சுட்ட செவ்வந்திக்கல்லில் இந்த மாற்றம் வராது. மாற்றம் மிக லேசானது, நான்கைந்து தடவை திருப்பினால்தான் கண் பிடிக்கும். முனை வழியாக நெடுக்கில் பார்த்தால் எந்தக் கல்லிலும் வராது, அதனால் பிடிக்கிற வாட்டம் முக்கியம். பட்டை தீட்டின கல்லில் உள் பிரதிபலிப்பு கண்ணைக் குழப்பும், பட்டை தீட்டாத படிகத்தில்தான் இது நன்றாக வேலை செய்கிறது. மாற்றம் தெரிந்தால் நல்ல சாட்சி. தெரியாவிட்டால் மற்றச் சாட்சிகளோடு சேர்த்துப் பாருங்கள், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பட்டை தீட்டின கல்லுக்கு எண்ணெய் முறை. காங்கயத்துக்காரனுக்குத் தேங்காய் எண்ணெய்க்கா பஞ்சம் என்று முதலில் அதில்தான் போட்டேன், சுமாராக வேலை செய்தது. விளக்கெண்ணெய் அதைவிட மேல். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கலப்பில்லாத கிராம்பு எண்ணெய் எல்லாவற்றையும்விட மேல், ஏனென்றால் வெளிச்சத்தை வளைப்பதில் அது குவார்ட்ஸுக்கு ரொம்பப் பக்கம், 1.53க்கு 1.54. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் கல்லை முக்கினால் பட்டைகளின் ஓரமெல்லாம் கரைந்தது போல மறைந்து, உள்ளே நிறம் மட்டும் தொங்கும். அப்போது அடியில் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள். கோணல் கோணலாக, முக்கோண மடிப்பு போல நிறம் பட்டை பட்டையாக நின்றால் அது செவ்வந்திக்கல்லின் பழைய ஊதாப் பட்டைகளின் தடம், சுட்டது. அம்மாவின் கல்லில் எனக்குத் தெரிந்ததும் அதுதான். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் பழரசம் மாதிரி ஒரே சீராக, உள்ளே ஒரு தூசி துகள்கூட இல்லாமல் இருந்தால் ஆலையில் வளர்த்த செயற்கைக் குவார்ட்ஸாக இருக்குமோ என்று சந்தேகப்படலாம். கல் எண்ணெயில் மறையாமல் ஓரங்கள் கறுத்துத் தூக்கலாகத் தெரிந்தால் குவார்ட்ஸே இல்லை, நீலக்கல் வகையாக இருக்கலாம், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், கிராம்பு எண்ணெய் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், கையிலும் எரியும். முத்து, பவளம் சேர்ந்த நகையை இதில் முக்கவே கூடாது.

கண்ணைப் பறிக்கிற எலுமிச்சைப் பச்சை மஞ்சளில், "லெமன் குவார்ட்ஸ்" என்ற பெயரில் வருவது கதிர்வீச்சு கொடுத்து அப்புறம் சூடாக்கினது. அழகுதான், அந்தப் பெயரிலேயே வாங்குங்கள்.

வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றும் உண்டு. சில ஸ்மோக்கி குவார்ட்ஸை இதமான சூட்டில் வைத்தால் புகை விலகி மஞ்சள் மட்டும் தங்கும். அந்த மஞ்சள் இயற்கை மஞ்சளின் உறவுக்காரன்தான், திரைச் சோதனையிலும் தேறிவிடும், ஆய்வகமே பல நேரம் கையை விரித்துவிடும். அதனால் நீளப் படிகம், புகை மஞ்சள், நிறம் மாறுகிறது என்று மூன்றும் சரியாக இருந்தாலும், கல் எந்தச் சுரங்கம், யார் கையிலிருந்து வந்தது என்று விற்பவரைக் கேளுங்கள். "மலையில கிடைச்சதுங்" என்று மட்டும் சொல்பவரிடம் நான் பெரிய விலைக்கு வாங்குவதில்லை. ஊர் பெயர் சொல்லி, கூடவே சுத்தம் பண்ணாத, அடியில் தாய்ப்பாறை ஒட்டின ஒரு துண்டையும் காட்டுகிறவரிடம் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

வாங்கின பிறகு

மஞ்சள் குவார்ட்ஸ் தண்ணீருக்கும் சோப்புக்கும் பயப்படாது, கடினம் 7 என்பதால் எளிதில் கீறலும் விழாது. ஆனால் நீலக்கல், புஷ்பராகம் அதைக் கீறும், ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்காதீர்கள். சூடுதான் எதிரி. அடுப்படியில் மோதிரத்தோடு நின்று தோசை சுடுவதால் ஒன்றும் ஆகாது, ஆனால் பற்றவைக்கிற வேலைக்கு ஆசாரியிடம் கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்புக் காட்டச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வெடிப்பு விழும், இயற்கை மஞ்சளாக இருந்தால் நிறமும் போய் வெறும் பளிங்காகிவிடலாம். செவ்வந்திக்கல்லையும் கூடவே சேர்க்கிறீர்கள் என்றால் அதை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், நம் சித்திரை வெயிலுக்கு வருடக் கணக்கில் காட்டினால் ஊதா வெளுக்கும். சுட்ட மஞ்சள் வெயிலுக்கு அசையாது, ஷோகேஸில் வைக்க அதுதான் தோது.

கடைசியாக, சீட்டு. கல்லின் அடியில் ஒரு சொட்டு வெள்ளை நெயில் பாலிஷ் வைத்து அதன்மேல் எண் எழுதுங்கள், அதே எண்ணில் ஒரு நோட்டில் வாங்கிய தேதி, விலை, விற்றவர் சொன்ன ஊர், தராசில் வந்த அடர்த்தி, திரையில் நிறம் மாறினதா இல்லையா எல்லாம். பென்சிலில் எழுதினால் மை ஊறாது. சுட்டது, சுடாதது என்று இரண்டு கட்டம் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன், இப்போது "தெரியவில்லை" என்று மூன்றாவது கட்டமும் போட்டிருக்கிறேன். என் நோட்டில் இருக்கும் முப்பத்தொரு மஞ்சள் கல்லில் சுடாதது ஆறு, சுட்டது பதினாறு, மீதி ஒன்பதும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன.